தேறிய சரக்கு ஏன் மூன்றாம் மாதம் வாய் பிளக்கிறது?

யாழ்ப்பாணம் நவீன சந்தைப் பக்கம் சப்பாத்து வாங்க வருபவர் சோடியைக் கையில் எடுத்ததும் முன்பக்கத்தை மடித்துப் பார்ப்பார். சோலும் மேற்பகுதியும் சேரும் ஓரத்தில் நகத்தை விடுவார். உள்ளே கையை விட்டு ஆணி, நூல் முடிச்சு ஏதும் குத்துகிறதா என்று தடவுவார். இரண்டையும் மேசையில் பக்கம் பக்கமாக வைத்து உயரம் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார். சீனாவின் வென்ஜோவிலோ வியட்நாமிலோ தமிழ்நாட்டின் ஆம்பூரிலோ தொழிற்சாலைக்குள் நிற்கும் பரிசோதகர் செய்வதும் பெரும்பாலும் இதுதான். அவர் கையில் அளவுகோலும் குறைப் பட்டியலும் இருக்கும், நூறு இருநூறு சோடிக்குச் செய்வார், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் இந்தப் பார்வையில் அகப்படும் குறைகளுக்காகச் சப்பாத்து கடைக்குத் திரும்பி வருவதில்லை. கோணல் தையலைக் கண்டவர் அதை வாங்கியே இருக்கமாட்டார். திரும்பி வருவது சோல் கழன்ற சப்பாத்து, சோல் மாவாக உதிர்ந்த சப்பாத்து, தோல்போல இருந்த மேற்படலம் பொருக்குப் பொருக்காக உரிந்த சப்பாத்து. இவற்றின் காரணங்கள் சப்பாத்து பெட்டிக்குள் போகும் நாளுக்கு முன்பே, பசை பூசும் வரிசையிலும் சோல் வார்க்கும் அச்சிலும், முடிவாகி விடுகின்றன. பெட்டி கட்டியபின் நடக்கும் பரிசோதனை அந்த இடத்தைத் திரும்பிப் பார்ப்பதேயில்லை. வெளிநாட்டிலிருந்து பாதணி இறக்குபவர் பரிசோதனைக்குக் காசு கொடுப்பதோடு நின்றுவிடாமல், எந்தக் கட்டத்தில் எதைப் பார்க்கச் சொல்கிறோம் என்பதையும் தானே தீர்மானிக்க வேண்டியிருப்பது இதனால்தான்.

"தேறியது" என்ற தாள்

இறுதிப் பரிசோதனைக்கு உலகெங்கும் எடுத்தாளப்படுவது ஐ.எஸ்.ஓ. 2859-1 என்ற மாதிரியெடுப்பு அட்டவணை. 2,400 சோடி, பெட்டிக்கு 12 வீதம் 200 பெட்டி என்று வைத்துக்கொள்வோம். வழக்கமாக எடுக்கும் மட்டமான பொது நிலை 2 இன்படி 1,201 முதல் 3,200 வரையான தொகுதிக்கு 125 சோடி எடுத்துப் பார்க்கவேண்டும். குறைகளை மூன்றாகப் பிரிப்பார்கள். உடைந்த ஊசி முனை, உள்ளே நீட்டிய ஆணி போன்றவை ஆபத்தானவை; ஒன்று கண்டாலும் சரக்கு தேறாது. சோல் இடைவெளி, சைஸ் மாறிய சோடி, அறுந்த தையல் போன்றவை பெரிய குறைகள், இவற்றுக்கு ஏ.கியூ.எல். (ஏற்கத்தக்க தர எல்லை) 2.5 என்று வைத்தால் 7 வரை தேறும், 8 ஆனால் நிராகரிப்பு. ஓரத்தில் வழிந்த பசை, வெட்டாத நூல் போன்றவை சிறியவை, ஏ.கியூ.எல். 4.0 இல் 10 வரை தேறும், 11 ஆனால் நிராகரிப்பு. ஒரு சோடியில் நான்கு குறை இருந்தாலும் அவற்றில் மோசமான ஒன்றுதான் கணக்கில் வரும்.

2.5 என்ற இலக்கத்தைப் பார்த்து, "நூற்றுக்கு இரண்டரைக்கு மேல் பழுது வராது" என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். அப்படியல்ல. நூற்றுக்கு 5 சோடி பழுதான சரக்கை இதே அட்டவணையில் 10 தடவை சோதித்தால் ஏறத்தாழ 7 தடவை அது தேறிவிடும். 2,400 சோடியில் அது 120 சோடி. நூற்றுக்கு 10 பழுது என்ற அளவுக்குப் போனால்தான் தப்புவது அரிதாகும். மிக மோசமான சரக்கு கப்பல் ஏறாமல் தடுப்பது இந்த அட்டவணையின் வேலை. சுமாரான சரக்கை நல்ல சரக்காக்க அதனால் முடியாது.

மாதிரியை யார் எடுக்கிறார் என்பதும் சின்ன விஷயமல்ல. வழக்கத்தில், மொத்தப் பெட்டிகளின் வர்க்கமூலம் அளவுக்குப் பெட்டிகளைத் திறப்பார்கள். 200 பெட்டிக்கு 15. அந்தப் பதினைந்தையும் பரிசோதகர் தானே இலக்கம் சொல்லி, அடுக்கின் அடியிலும் பின்னாலும் இருந்து இறக்கச் செய்யவேண்டும். தொழிற்சாலை ஆள் முன்னால் கொண்டுவந்து வைத்த பெட்டியைத் திறப்பது, தரகர் தந்த படத்தை மட்டும் பார்த்துக் கலியாணத்துக்கு நாள் வைப்பதைப் போன்றது. சரக்கு முழுவதும் முடிந்து, குறைந்தது நூற்றுக்கு 80 பெட்டி கட்டி முடித்திருந்தால்தான் இறுதிப் பரிசோதனை தொடங்கலாம் என்பது பொது விதி. பாதி வரிசையில் கிடக்கும்போது பார்த்துக் கையெழுத்து வைத்தால், மீதிப் பாதி எப்படி முடிந்தது என்பது யாருக்கும் தெரியாது.

யாழ்ப்பாணத்துச் சிறு இறக்குமதியாளர்கள் பெரும்பாலும் ஒரு மொடலில் 2,400 எடுப்பதில்லை. ஐந்து மொடல், ஒவ்வொன்றிலும் 100 சோடி என்று கலந்து எடுப்பார்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது. 500 சோடியையும் ஒரே தொகுதியாக எடுத்தால் 50 சோடி பார்த்தால் போதும் என்று அட்டவணை சொல்லும். மொடலுக்குப் பத்துத்தான் விழும். ஆனால் ஐந்து மொடலுக்கும் ஐந்து விதமான சோல் என்றால் அவை ஐந்து தொகுதிகள். 91 முதல் 150 வரையான தொகுதிக்கு 20 சோடி. பெரிய குறை 1 வரை தேறும், 2 ஆனால் இல்லை. ஆக 100 சோடி பார்க்கவேண்டும். பரிசோதனைக் கம்பனி ஆள்-நாள் கணக்கில் சில நூறு டொலர் கேட்கும். சரக்கின் பெறுமதியோடு ஒப்பிட்டு, அது கட்டுமா என்று பார்ப்பது வியாபாரியின் பொறுப்பு. கட்டாது என்றால் மொடல்களைக் குறைப்பது பரிசோதனையைக் குறைப்பதைவிடப் புத்தியானது.

இறுதிப் பரிசோதனையில் அந்த இடத்திலேயே செய்யக்கூடிய சில சோதனைகள் பயனுள்ளவை. ஈரமான வெள்ளைத் துணியால் மேற்பகுதியையும் உள்துணியையும் தேய்த்தால், சாயம் வெள்ளைக் காலுறையில் ஏறுமா என்பது அங்கேயே தெரிந்துவிடும். இடதையும் வலதையும் தனித்தனியே நிறுத்தால், சோல் வார்ப்பில் அடர்த்தி மாறியிருப்பது தெரியும். சிறுவர் சப்பாத்து முழுவதையும் ஊசி கண்டறியும் பொறியினூடாகக் கட்டாயம் அனுப்பவேண்டும். தையல் இயந்திரத்தில் முறிந்த ஊசி முனை மாதிரியெடுப்பில் அகப்படும் என்று நம்பியிருக்க முடியாது.

பசை வரிசையில் நடப்பது

இங்கு விற்கும் சப்பாத்துகளில் பெரும்பாலானவை பசையால் சோல் ஒட்டியவை. சோலைச் சுற்றித் தெரியும் தையல் பல மொடல்களில் வெறும் அலங்காரம். சோலின் விளிம்பில் மட்டும் ஓடி, மேற்பகுதியைத் தொடாமலே நின்றுவிடும். சோலைத் தாங்குவது பசைதான். அந்தப் பசை பிடிக்க வேண்டுமென்றால் வரிசையில் ஒவ்வொரு படியும் ஒழுங்காக நடந்திருக்க வேண்டும். மேற்பகுதியின் அடியோரத்தைச் சுரண்டிச் சொரசொரப்பாக்குதல், சோலைக் கழுவுதல், இரு பக்கமும் பிரைமர் என்ற அடிப்பூச்சைப் பூசி உலரவிடுதல், பசை பூசி மறுபடி உலரவிடுதல், 55 முதல் 65 பாகை வரை சூடாக்கிப் பசையை உயிர்ப்பித்தல், ஒட்டி அழுத்தல், பிறகு குளிரூட்டியினூடாக அனுப்புதல் என்பதே அந்த ஒழுங்கு. அவசரத்தில் எப்போதும் வெட்டுப்படுவது உலர்த்தும் நேரம். வரிசை வேகமாக ஓடினால் ஒரு மணிநேரத்துக்கு இத்தனை சோடி கூட என்று மேற்பார்வையாளருக்குக் கணக்கு நேராகும். பசைக்குள் கரைப்பான் மிஞ்சியிருப்பது அன்று யார் கண்ணுக்கும் தெரியாது.

சோல் எதனால் ஆனது என்பதைப் பொறுத்து முன்வேலையும் மாறும். இறப்பருக்கும், ரி.பி.ஆர். என்ற சூட்டில் இளகும் செயற்கை இறப்பருக்கும் குளோரினைத் தரும் கரைசலைப் பூசி மேற்பரப்பின் தன்மையையே மாற்றவேண்டும். வெறும் பசை அவற்றில் ஏறாது. ஈ.வி.ஏ. என்ற பாரமற்ற நுரைச் சோலுக்கு, புற ஊதா விளக்கின் கீழ் வேலை செய்யும் தனிப் பிரைமர் வேண்டும். பி.யூ. (பொலியூரிதேன்) சோல் அச்சிலிருந்து இலகுவாகக் கழல்வதற்காகப் பூசிய சிலிக்கனோ மெழுகோ அதன்மேல் படிந்திருக்கும். அதைக் கழுவாமல் ஒட்டினால் பசை சோலில் ஒட்டாது, மெழுகில்தான் ஒட்டும். பி.வி.சி.யின் தொல்லை வேறு. அதை மென்மையாக்கச் சேர்த்த எண்ணெய் நாளடைவில் கசிந்து வந்து பசையை இளக்கும். நமது சப்பாத்துத் தைப்பவர்களும் பாவிக்கும் மஞ்சள் நியோபிரீன் பசை பி.வி.சி.க்கு உதவாது. முதல் நாள் இரும்புபோல் பிடித்து மூன்றாம் மாதம் தோல்போல் உரியும். பி.வி.சி.க்குப் பி.யூ. பசைதான் வேண்டும்.

அந்தப் பி.யூ. பசைக்கும் கடினமாக்கி கலக்கவேண்டும். பெரும்பாலும் பசை நூறு பங்குக்கு 3 முதல் 5 பங்கு. கலந்தபின் சில மணிநேரத்துக்குள் அது பாவித்து முடிய வேண்டும். கலக்காமல் விட்டாலும், காலையில் கலந்ததை மாலைவரை இழுத்தாலும், குளிரூட்டிய அறையில் சப்பாத்து நன்றாகத்தான் இருக்கும். சித்திரை வெயிலில் கொதிக்கும் தார் வீதிக்கும், மத்தியானம் கோவில் வாசல் மணலில் ஒரு மணிநேரம் கிடந்த பின்பும் பசை இளகும். விரல் மடியும் இடத்தில் முதலில் ஒரு கோடு தெரியும், பிறகு வாய் பிளக்கும். குளிர் நாட்டுக்குச் செய்த அதே மொடல் அங்கே குறையில்லாமல் ஓடுவதும் இங்கே கழல்வதும் இதனால் நேரலாம். தொழிற்சாலை பொய் சொல்லவில்லை என்பதும் உண்மை, சப்பாத்து கழன்றது என்பதும் உண்மை.

ஆகவே ஒப்பந்தத்தில் எழுத வேண்டியது "நல்ல பசை" என்ற சொல்லை அல்ல, ஓர் எண்ணை. பாதுகாப்புச் சப்பாத்துகளுக்கான ஐ.எஸ்.ஓ. 20345 நியமம் சோல் பிணைப்புக்கு மில்லிமீற்றருக்கு 4.0 நியூற்றன் கேட்கிறது. பசை விடாமல் சோலே கிழிந்தால் 3.0 போதும் என்கிறது. சாதாரண மொழியில், 1 செ.மீ. அகலப் பட்டையொன்றைப் பிரிக்க ஏறத்தாழ 4 கிலோ பாரம் வேண்டும். பாடசாலைச் சப்பாத்துக்கும் இதே எண்ணைக் கேட்பதில் தவறில்லை. இந்தச் சோதனையை ஒட்டிய அன்றே செய்யக்கூடாது. பசை முழுப் பிடிப்புக்கு வர ஒன்றிரண்டு நாள் எடுக்கும். குறைந்தது 24 மணிநேரம், முடிந்தால் 48 மணிநேரம் கழிந்த சோடியில் இழுக்கவேண்டும். இன்னொரு சோடியை 60 பாகைச் சூட்டில் ஒரு மணிநேரம் வைத்து, ஆறுவதற்கு முன் இழுத்துப் பார்க்கச் சொல்லலாம். நமது வெயிலுக்கு இந்த இரண்டாம் சோதனைதான் பொருத்தமானது.

பிரித்த பரப்பை வாசிக்கத் தெரிந்தால் யார் எங்கே தவறினார் என்பதும் தெரியும். பசை முழுவதும் மேற்பகுதியோடு போய், சோல் வழுவழு என்று சுத்தமாக இருந்தால் சோலின் முன்வேலை நடக்கவில்லை: கழுவவில்லை, அல்லது அந்தப் பொருளுக்குரிய பிரைமர் இல்லை. பசை சோலில் நின்று மேற்பகுதி சுத்தமாக இருந்தால் சுரண்டியது போதாது. றெக்சினின் (செயற்கைத் தோலின்) மேற்பூச்சு அப்படியே இருக்கிறது. இரு பக்கமும் பசை இருந்து, இழுக்கும்போது சிலந்தி நூல்போல் நீண்டால் சூடு போதாது அல்லது கடினமாக்கி இல்லை. இரு பக்கமும் பசை உலர்ந்து பளபளவென்று, ஒன்றோடொன்று சேராதமாதிரி இருந்தால் பூசி அதிக நேரம் விட்டுவிட்டு ஒட்டியிருக்கிறார்கள். றெக்சினோ துணியோ சோலோ கிழிந்து வந்தால் மட்டும்தான் பசை தன் வேலையைச் செய்திருக்கிறது. நிராகரிப்பு அறிக்கையில் "பிணைப்பு பலவீனம்" என்று ஒரு வரி எழுதுவதைவிட, பிரித்த இரு பரப்பின் படத்தை அனுப்பச் சொல்வது நூறு மடங்கு பிரயோசனம். தொழிற்சாலையோடு வாதம் வந்தாலும் படம்தான் பேசும்.

பெட்டிக்குள்ளேயே செத்த சோல்

பசை கழன்றால் சப்பாத்துத் தைப்பவரிடம் கொடுத்து ஒட்டுவிக்கலாம். பி.யூ. சோல் உதிர்ந்தால் ஒன்றும் செய்ய முடியாது. பாரமில்லாமல், மெத்தென்று, வெட்டினால் பாண்போலத் துளைகள் தெரியும் சோல்கள் பல பொலியூரிதேனால் ஆனவை. அதில் மலிவான, பரவலான வகை பொலியெஸ்டர் அடிப்படையிலானது. காற்றிலுள்ள ஈரம் அதன் பிணைப்புகளை ஒவ்வொன்றாக அறுக்கிறது. நீராற்பகுப்பு என்பது இதுதான். சூடு கூடினால் வேகமும் கூடும். அறுபட்டு வரும் அமிலம் அடுத்த பிணைப்பை அறுக்க உதவுவதால், நெடுநாள் ஒன்றும் தெரியாமல் இருந்து கடைசியில் ஒரேயடியாக விழும்.

அணியாமல் பெட்டியில் வைத்தால் காப்பாற்றலாம் என்ற எண்ணம் இங்கே எடுபடாது. வருடம் முழுவதும் வெப்பம், கடல் சூழ்ந்த குடாநாட்டின் ஈரக் காற்று, ஐப்பசி தொடங்கி மார்கழி வரை மாரி, அதற்குமேல் தகரக் கூரைக்குக் கீழே மேல்மாடிக் களஞ்சியம்: பொலியெஸ்டர் பி.யூ.வுக்கு இதைவிடக் கொடிய இடம் தேடவேண்டியதில்லை. வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்து, "நல்ல நாளுக்குப் போடலாம்" என்று அலுமாரியில் நாலைந்து வருடம் வைத்த சப்பாத்து கலியாண வீட்டு வாசலில் கேக் துண்டுபோல் உடைந்து விழுவதும் இதே காரணத்தால்தான். போலிச் சாமான் என்று திட்டுவார்கள். அசல் சாமானுக்கும் இது நடக்கும்.

தொழிலில் இதற்குச் சோதனை உண்டு. 70 பாகை வெப்பம், 95 வீத ஈரப்பதன் உள்ள பெட்டியில் 7 நாள் வைத்து, பிறகு சோலை மடிக்கும் பொறியில் ஆயிரக்கணக்கான தடவை மடித்து வெடிப்புப் பார்ப்பார்கள். பாதுகாப்புச் சப்பாத்து நியமம் 150,000 மடிப்புக்குள் வெட்டுக்காயம் 6 மி.மீ.க்கு மேல் நீளக்கூடாது என்கிறது. ஆய்வகத்தில்தான் இதைச் செய்யலாம், பெட்டி கட்டும் நாளில் முடியாது. எனவே கட்டளை கொடுக்கும்போதே கேட்கவேண்டும்: சோல் பொலியெஸ்டரா பொலிஈதரா? பொலிஈதர் வகை ஈரத்தை நன்றாகத் தாங்கும், விலை கூட. இல்லையென்றால் இறப்பர், ரி.பி.ஆர்., ஈ.வி.ஏ. என்று சோலையே மாற்றலாம். ஈ.வி.ஏ. ஈரத்துக்கு அஞ்சாது, ஆனால் கடும் சூட்டில் சுருங்கும். வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் கிடந்த ஈ.வி.ஏ. செருப்பு ஒரு சைஸ் சிறுத்துப்போவதை அனுபவித்தவர்கள் இங்கே நிறையப் பேர்.

மேற்பகுதி றெக்சினுக்கும் இதே விதி. துணியின்மேல் பூசிய பி.யூ. படலம்தான் தோல்போலத் தெரிவது. அது நீராற்பகுப்பில் விறைத்து, மடியும் இடத்தில் பொருக்காக உரியும். இதில் இடது சப்பாத்துக்கு ஒரு தனிக் கண்டம் உண்டு: மோட்டார் சைக்கிளில் கியரை மேலே தூக்குவது இடது பாதத்தின் மேல்பக்கம். குடாநாட்டில் ஆண்கள் சப்பாத்தில் இடது கால் விரல்பகுதி வலதைவிட முன்னரே தேய்வதற்கு அதுதான் காரணம். விரல்பகுதியில் தடித்த படலமோ மேலதிகத் துண்டோ வைக்கச் சொல்லிக் கேட்பது பெரிய செலவல்ல, ஆனால் நாம் சொன்னால்தான் தொழிற்சாலைக்குத் தெரியும்.

மலிவான சரக்கு என்று சீனாவில் விற்கும் இரத்தான கட்டளைச் சரக்குகளில் பொறி இந்த இடத்தில்தான் இருக்கிறது. பெட்டி புதிது, சப்பாத்து பளபளப்பு, விலை பாதி. அது எப்போது செய்தது? சோலின் அடியிலோ இன்சோலுக்குக் கீழோ மணிக்கூட்டு வடிவில் ஒரு சிறு வட்டம் சில அச்சுகளில் இருக்கும்; நடுவில் வருடத்தின் இலக்கம், சுற்றி 1 முதல் 12 வரை மாதம், அம்புக்குறி. நாக்கின் உள்பக்க லேபிளிலும் உற்பத்தித் திகதி இருக்கலாம். இரண்டும் இல்லாத, இல்லாமல் செய்யப்பட்ட பி.யூ. சோல் சரக்கை எடுக்காமல் விடுவதே இலாபம். பெருவிரல் நகத்தால் சோல் பக்கவாட்டை அழுத்தும்போது பிசுபிசுத்தாலும், அழுத்திய வடு மீளாமல் நின்றாலும், தூள் உதிர்ந்தாலும் வேறு கேள்வி தேவையில்லை.

சைஸ்

இது பழுது அல்ல, ஆனால் பணம் முடங்கும் இடம். இலங்கையில் பிரித்தானிய சைஸில் கேட்டு வாங்கிப் பழகியிருக்கிறோம். தொழிற்சாலை ஐரோப்பிய அளவில் அச்சு வைத்திருக்கும். பிரித்தானிய சைஸ் ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் இடைவெளி மூன்றிலொரு அங்குலம், அதாவது 8.47 மி.மீ. ஐரோப்பிய இடைவெளி மூன்றில் இரண்டு செ.மீ., அதாவது 6.67 மி.மீ. நாலு பிரித்தானியப் படி ஐந்து ஐரோப்பியப் படிக்கு ஏறத்தாழச் சமம். பிரித்தானிய 8 உம் ஐரோப்பிய 42 உம் கிட்டத்தட்டச் சரியாகப் பொருந்தும். அங்கிருந்து விலக விலக விலகும். 40 என்பது கணக்குப்படி ஆறரை. அதில் 6 என்று லேபிள் ஒட்டினால் கடையில் "இந்த மொடல் பெரிசு" என்பார்கள், 7 என்று ஒட்டினால் "கடிக்குது" என்பார்கள். லேபிளை நம்பாமல், மாதிரியில் ஒவ்வொரு சைஸிலும் ஒரு சோடியின் உள்நீளத்தை மி.மீ.இல் அளந்து அறிக்கையில் எழுதச் சொல்லவேண்டும்.

பெட்டிக் கலவையும் அப்படியே. 39 முதல் 44 வரை 1-2-3-3-2-1 என்று 12 சோடி வருவது வழக்கம். பாடசாலைத் தவணை தொடங்கும்போது சிறுவர் சைஸ் எது முதலில் தீரும் என்பதைக் கடைக்காரர்தான் அறிவார். தொழிற்சாலையின் வழக்கமான கலவையை அப்படியே ஏற்றால் ஓரச் சைஸ்கள் மிஞ்சி, மேலே சொன்ன தகரக் கூரைக்குக் கீழே வருடக்கணக்கில் கிடக்கும்.

பணம் எப்போது, கண் எப்போது

வழமையான கொடுக்கல் வாங்கல் 30 வீதம் முற்பணம், 70 வீதம் கப்பலேற்ற முன். மிகுதி போனபின் எந்த அறிக்கைக்கும் பல் இல்லை. விலைப்பட்டியலிலேயே, இறுதி அறிக்கை கிடைத்த பிறகுதான் மிகுதி என்றும், தேறாவிட்டால் திருத்தி மறுபரிசோதனைச் செலவைத் தொழிற்சாலை ஏற்கும் என்றும் எழுதிக்கொள்ளவேண்டும். வங்கியில் நாணயக் கடிதம் (எல்.சி.) திறந்தால் பரிசோதனைச் சான்றிதழையும் தேவையான ஆவணங்களில் சேர்க்கலாம்.

ஆனால் காசு ஒரு பரிசோதனைக்குத்தான் கட்டும் என்றால், அதை இறுதியில் வைக்காமல் நூற்றுக்கு 10 முதல் 20 வரை முடிந்த நேரத்தில் பசை வரிசைக்கு அனுப்புவதே மேல். அப்போது தவறு கண்டால் மீதி 80 ஐத் திருத்தலாம். அதற்கும் முன், ஒப்புக்கொண்ட மாதிரியில் இரண்டு சோடிக்கு முத்திரை வைத்து ஒன்றை நாமும் ஒன்றைத் தொழிற்சாலையும் வைத்துக்கொள்ள வேண்டும். மூன்றாவது சோடி ஒன்றை வாங்கி நெடுக்காக அறுத்துப் பார்க்கத் தயங்கக்கூடாது. குதி உயர்ந்த சப்பாத்தின் நடுவில் இரும்புத் தகடு இருக்கிறதா, குதிக்குள் நிரப்பியது என்ன, இன்சோல் பலகை வெறும் காகித அட்டையா என்பதெல்லாம் அறுத்தால்தான் தெரியும். காகித அட்டை என்றால் கார்த்திகை வெள்ளத்தில் ஒரு தடவை நனைந்ததும் ஊறிப் பிரிந்துவிடும்.

ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பக்கம் தோல் சப்பாத்து எடுப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. பலாலியிலிருந்து சென்னைக்குப் பறந்து, பெங்களூர் வீதியில் போய், வரிசையில் தாங்களே நிற்கலாம், மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. போர்த்துக்கீசர் விட்டுப்போன "சப்பாத்து" அங்கே விளங்காது, "ஷூ" என்றால் விளங்கும். ஐரோப்பாவுக்கு ஏற்றும் தொழிற்சாலைகளில் தோலில் ஆறிணைய குரோமியம் (குரோமியத்தின் நச்சு வடிவம்) உள்ளதா என்ற சோதனை அறிக்கை இருக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2015 மே முதல் தோலில் அதற்குக் கிலோவுக்கு 3 மில்லிகிராம் என்று எல்லை வைத்திருக்கிறது. நமது கட்டளைக்கு வெட்டும் தோல் அதே தொகுதியா என்று கேட்டு அந்த அறிக்கையின் பிரதியை வாங்கலாம்.

கொழும்பிலிருந்து வடக்கே

கொள்கலனுக்குள் பகல் சூடும் இரவுக் குளிரும் மாறும்போது கூரையில் நீர் கோத்துச் சொட்டும். மேலடுக்குப் பெட்டிகள் நனைந்து, தோலிலும் உள்துணியிலும் பூஞ்சணம் பிடிப்பது இதனால். தொழிற்சாலை சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டிருக்கலாம். சப்பாத்தே முழுதாக உலராமல் பெட்டிக்குள் போயிருந்தால் அது போதாது. பூஞ்சணத்துக்கென்று டைமெதில் ஃபியூமரேட் பொட்டலம் போடும் பழக்கம் சில இடங்களில் இருந்தது. தோலில் கொப்புளம் போடவைக்கும் அந்தப் பொருளை ஐரோப்பிய ஒன்றியம் 2009 இல் தடைசெய்தது. "அது வேண்டாம்" என்று கட்டளையில் ஒரு வரி போதும்.

சரக்கு இறங்கும்போது கொள்கலன் முத்திரை இலக்கத்தை ஆவணத்தோடு ஒப்பிட்டுப் படமெடுக்கவேண்டும். நனைந்த, நசிந்த பெட்டிகளை லொறியில் ஏற்ற முன் தனியாக வைத்துப் படமெடுக்கவேண்டும். கொழும்பிலிருந்து ஏ-9 வழியாக ஏறத்தாழ நானூறு கிலோமீற்றர் வந்து யாழ்ப்பாணத்தில் இறக்கியபின் கண்ட சேதத்துக்கு, கப்பலா லொறியா என்று யாரும் பொறுப்பெடுக்க மாட்டார்கள்.

களஞ்சியத்தில் சுவரோடு ஒட்டாமல், நிலத்தில் வைக்காமல், பலகைமேல் அடுக்கி, வந்த மாதத்தைப் பெட்டியில் பெரிதாக எழுதி, பழையதை முதலில் விற்பது எல்லோருக்கும் தெரிந்தது. செய்பவர்கள் குறைவான இன்னொன்று உண்டு: ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு சோடியை விற்காமல் எடுத்து, களஞ்சியத்தின் சூடான மூலையிலேயே திறந்து வைத்து, மாதம் ஒரு தடவை மடித்து, நகத்தால் அழுத்தி, பசை ஓரத்தைப் பார்ப்பது. அந்தச் சோடியில் முதல் வெடிப்புக் கண்ட மாதமே அதே தொகுதியை விலை குறைத்து விற்கலாமா, நிறுத்திவிட்டுத் தொழிற்சாலையிடம் கேட்கலாமா என்று முடிவெடுக்க நேரமிருக்கும். வந்த திகதியையும் தொகுதி இலக்கத்தையும் பெட்டியில் எழுதுவதோடு விடாமல் அழியாத பேனாவால் சோலிலும் எழுதவேண்டும். கடையில் பெட்டிகள் மாறிப்போவது சாதாரணம்.